கண்மாய்த் தவளையும் ரப்பர் தவளையும்

ராஜபாளையம்னா நாய், ஸ்ரீவில்லிபுத்தூர்னா பால்கோவா. இதைத் தாண்டி எங்க பக்கத்தைப் பத்தி யாரும் கேட்டதில்லை. அதனால இந்தப் பதிவுல நாயும் கிடையாது, பால்கோவாவும் கிடையாது. தூண்டில்!

ஐப்பசி கார்த்திகை மழை ஒழுங்காப் பெய்ஞ்ச வருஷத்துல ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியகுளம் கண்மாய்க் கரையில நின்னு பாருங்க. மூங்கில் கம்பை நட்டுவச்சிட்டு வேப்பமரத்து நிழல்ல பீடி குடிச்சிட்டு இருக்கிற பெரியவர் ஒரு பக்கம். மடக்குற பைபர் கம்பு, சுத்துற ரீல், முதுகுல பை, அந்தப் பைக்குள்ள பத்து இருபது கலர்ல ரப்பர் தவளை, பிளாஸ்டிக் மீன்னு வந்து நிக்கிற இளவட்டம் இன்னொரு பக்கம். ரெண்டு பேரும் தேடி வந்தது ஒரே மீனைத்தான். விரால். பெரியவர் பார்வையில அந்த ரப்பர் தவளை ஒரு விளையாட்டுச் சாமான். பையனுக்கோ பெரியவர் கையில இருக்கிறது ஏதோ மியூசியத்துல இருந்து எடுத்துட்டு வந்தது.

எனக்கு ரெண்டையும் பார்த்தா ஒரே வம்சாவளியின் ரெண்டு கிளை மாதிரித்தான் தெரியுது. அந்த வம்சாவளியைத்தான் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம்னு இருக்கேன். (தோண்டினா மண்புழு கிடைக்கும், அதுவும் உபயோகம்தான்.)

முதல்ல பழைய சரக்கு. பத்துப்பாட்டுல பெரும்பாணாற்றுப்படைன்னு ஒண்ணு இருக்கு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடினது, தொண்டைமான் இளந்திரையன் மேல. அதுல காஞ்சிக்குப் போற வழியை விவரிக்கும்போது ஒரு பாணன் மீன் பிடிக்கிற இடம் வருது. பாட்டும் யாழுமா இருந்த பாணர்கள் மீன் பிடிக்கிறதையும் தொழிலா வச்சிருந்தாங்கன்னு சங்க இலக்கியத்துல பல இடத்துல தெரியுது. இந்தப் பாணன்கிட்ட என்னென்ன இருந்ததுன்னு புலவர் கிட்டத்தட்ட பட்டியலே போட்டுட்டார். இரைக்கான பச்சை இறைச்சி போட்ட தோல் பை. நீளமான மூங்கில் கம்பு. அதுல கட்டின கயிறு. வாய் வளைஞ்ச இரும்பு முள். முள்ளு தெரியாம மூடின இரை. இன்னைக்கு அந்தப் பையன் முதுகுல இருக்கிற பையோட சேர்த்துப் பாருங்க, ஒரு சாமான் கூடக் குறையலை.

அதைவிட எனக்குப் பிடிச்சது அடுத்து வர்றதுதான். ஒரு வாளை மீன் இரையை மட்டும் கவ்விக்கிட்டு முள்ளுல மாட்டாமத் தப்பிச்சிடுது. தப்பிச்ச மீன் அதுக்கப்புறம் தண்ணி ஓரத்துல ஆடுற பிரம்போட நிழலைப் பார்த்தாக்கூட தூண்டில் கம்புன்னு நினைச்சு மிரளுதாம். ஏறத்தாழ 1,800 வருஷத்துக்கு முந்தின ஆள் எழுதினது இது. ஒரு தடவை அடி வாங்கின மீன் மறுபடி அதே சூழ்ச்சிக்கு லேசுல சிக்காதுங்கிறதுதான் இன்னைக்கு உலகத்துல இத்தனை ஆயிரம் விதமான பொய் இரை விக்கிறதுக்கே அடிப்படை. தூண்டிலைத் தானே கையில பிடிச்சவனோ, பிடிச்சவன் பக்கத்துல நாள் பூரா உட்கார்ந்தவனோதான் இதை எழுதியிருக்க முடியும்.

முள்ளு இன்னும் பழசு. மொகஞ்சதாரோ, ஹரப்பாவில் செம்பு, வெண்கலத் தூண்டில் முள் கிடைச்சிருக்கு. கயிறு கட்டக் காது, மீன் உருவிக்கிட்டுப் போகாம இருக்க எதிர்முள் எல்லாம் வச்சது. கடைசி நாலாயிரம் வருஷத்துல முள்ளோட வடிவத்துல பெரிசா ஒண்ணும் மாறலை. மாறினது கயிறும் இரையும்தான்.

கயிறு விஷயத்துக்கு வருவோம். எங்க ஊர் பஞ்சாலை ஊர். ராஜபாளையத்துல மில், பக்கத்துச் சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணித் தறி. நூலுக்குப் பஞ்சமே இல்லாத மண். நைலான் வர்றதுக்கு முந்தி பருத்தி நூலை மூணு புரி நாலு புரியா முறுக்கித்தான் தூண்டில் கயிறு. அது தண்ணியில ஊறிக் கனக்கும், காயப்போடலைன்னா இத்துப்போகும், மீன் கண்ணுக்கு நல்லாத் தெரியும். வசதியுள்ள வெள்ளைக்காரங்க முள்ளுக்குப் பக்கத்துல பட்டுப்புழுவோட குடல்ல இருந்து இழுத்த நரம்பைக் கட்டினாங்க. ஸ்பெயின்ல மூர்சியா பக்கம் அதுக்குன்னே தொழில் நடந்தது. 1930களின் கடைசியில் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி நைலானைக் கொண்டு வந்ததும் பருத்தி, பட்டு ரெண்டுக்கும் சேர்த்து மங்களம் பாடியாச்சு. நம்ம ஊர்ல அதுக்குப் பேர் தங்கூசி. மலாய்க்காரங்க தூண்டில் நரம்பைத் தங்சின்னு சொல்றாங்க. கடல் தாண்டிப் போய் வந்தவங்க வாயில ஒட்டிக்கிட்டு வந்த சொல்லா இருக்கும்னு எனக்கு ஒரு நினைப்பு.

முள்ளு, பலசரக்குக் கடையில பீடிக்கட்டுக்குப் பக்கத்துல ஒரு டப்பாவுல கிடக்கும். நார்வே முஸ்டாட் முள்ளுன்னா ஒரு மரியாதை. 1877லேயே இயந்திரத்துல முள் செய்ய ஆரம்பிச்சவங்க அவங்க. நம்பர் விவகாரம் புதுசா வர்றவங்களைக் குழப்பும்: 12, 10, 8, 6ன்னு நம்பர் குறையக் குறைய முள் பெரிசாகும். 1ஐத் தாண்டினதும் 1/0, 2/0, 3/0ன்னு நம்பர் கூடக்கூடப் பெரிசாகும். கெண்டைக்கு 10, 12 போதும், கோதுமை மாவு உருண்டை. கெளுத்திக்கு 6 இல்லேன்னா 4, மண்புழுவைக் கோர்த்து, ஈயம் கட்டி அடியில போடணும், ஏன்னா அது அடியில மீசையால தடவித் தின்கிற சாதி. ஜிலேபிக்கு எதைப் போட்டாலும் வரும், அதைப் பிடிக்கிறதை ஒரு வித்தைன்னு நான் ஒத்துக்கிறதில்லை. மிதப்புக்கு சோளத்தட்டையோட உள்சடை, நெட்டி, மயிலிறகுத் தண்டு. மயில் தண்டு மிதப்பு மாதிரி நுணுக்கமா ஆடுறது வேற எதுவும் இல்லை. மீன் மோந்து பார்த்தாக்கூடக் காட்டிக் கொடுத்துடும்.

விராலுக்கு மட்டும் தனிச் சட்டம். அது செத்த இரையை அவ்வளவாச் சீண்டாது. அதுக்கு உயிரும் அசைவும் வேணும். சின்ன மீனு, இல்லேன்னா தவளை. அயிரையைப் போட்டு விராலைப் பிடிக்கிறதுன்னு ஊர்ல சொலவடையே இருக்கு. அரசியல்வாதிங்க இலவசம் கொடுக்கும்போது மட்டும்தான் இப்ப அதைச் சொல்றாங்க, ஆனா முதல்ல அது நிஜமாவே தூண்டில்காரன் பாஷை. தவளைன்னா முதுகுத் தோல்ல முள்ளை லேசாக் குத்தி, ஈயமே இல்லாம, அல்லி இலைக்கும் கோரைக்கும் நடுவுல தத்தித் தத்திப் போகவிடணும். "சளப்"னு ஒரு சத்தம். உடனே இழுத்தா வெறும் தவளைதான் திரும்பி வரும். வெத்தலையை மடிக்கிற நேரம் பொறுத்து இழுக்கணும்.

இதையெல்லாம் நம்ம ஆளுங்க யாரும் எழுதி வைக்கலை. எழுதினது ஒரு வெள்ளைக்கார கலெக்டர். ஹென்றி சல்லிவன் தாமஸ், மெட்ராஸ் சிவில் சர்வீஸ். தென் கன்னட மாவட்டத்துல கலெக்டரா இருந்தவர். 1873ல் 'தி ராட் இன் இந்தியா'ன்னு ஒரு புத்தகம் போட்டார். அது பெரும்பாலும் ஆத்து மீன், குறிப்பா மஹ்சீர் பத்தினது. அது நல்லாப் போச்சு, மறுபதிப்பெல்லாம் வந்தது. எனக்கு முக்கியமாப் படுறது 1887ல் வந்த இன்னொண்ணு: 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா'. அதாவது குளத்துலயும் ஏரியிலயும் தூண்டில் போடுறதுக்கே தனியா ஒரு புத்தகம்! மலை ஏறி மஹ்சீர் பிடிக்க வசதியில்லாத, சமவெளியில மாட்டிக்கிட்ட உத்தியோகஸ்தனுக்கு, உன் பங்களாவுக்குப் பக்கத்துலயே மீன் இருக்கப்பான்னு சொல்ல வந்தது. நாம கண்மாய்னு சொல்ற சங்கதிக்கு அச்சுல வந்த முதல் மரியாதைகள்ல அதுவும் ஒண்ணு.

தாமஸைப் பத்தி எனக்கு ரெண்டு மனசு. அந்தப் பக்கத்து மீனோட குணம் தெரிஞ்ச ஆளுங்க துணை இல்லாம எந்தக் கலெக்டரும் அந்த அளவுக்குக் கத்துக்கிட்டிருக்க முடியாது. ஆனா நம்ம கையில இருக்கிறது கலெக்டரோட பேர் மட்டும்தான். அதே நேரம், மனுஷன் பிடிச்சதோட நிக்கலை. கண்ணி சின்னதா இருக்கிற வலையால குஞ்சு மீனெல்லாம் அழியுதுன்னு கத்தினவர்கள்ல அவரும் ஒருத்தர். அதே 1873ல் பிரான்சிஸ் டேன்னு மெட்ராஸ் ராணுவ டாக்டர் ஒருத்தர் இந்தியா, பர்மா நன்னீர் மீன் வளத்தைப் பத்தி ஒரு பெரிய அறிக்கை கொடுத்தார். மாவட்ட வாரியா அதிகாரிகளைக் கேட்டு, எங்கே என்ன வலை, கண்ணி எவ்வளவு, மீன் கூடுதா குறையுதான்னு தொகுத்தது. பின்னாடி 1875ல் இருந்து 1878 வரைக்கும் அவர் வெளியிட்ட 'தி ஃபிஷஸ் ஆஃப் இந்தியா'வில் மீன்களுக்குத் தமிழ்ப் பேரையும் சேர்த்தே எழுதியிருக்கார். இந்தச் சத்தமெல்லாம் சேர்ந்து கடைசியில 1897ல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வச்சும், தண்ணியில விஷம் கலந்தும் மீன் பிடிக்கக் கூடாதுன்னு சட்டம்.

இப்ப கடல் தாண்டுவோம். நாம விராலுக்குத் தவளை போட்ட மாதிரி, அமெரிக்காக்காரன் பாஸ்ங்கிற மீனுக்குத் தவளை போட்டான். பெரிய வாய், புல்லுக்குள்ள ஒளிஞ்சிருந்து பாயிற குணம், அசையிறது எதுவானாலும் கவ்வுற பேராசை. விராலோட அண்ணன் தம்பின்னே சொல்லலாம், உறவுமுறையில தூரமா இருந்தாலும். அங்கே வெர்மான்ட் பக்கம் ஜூலியோ பியூல்னு ஒருத்தர் கரண்டி வடிவத்துல உலோகத் தகடு செஞ்சு 1852ல் அதுக்குக் காப்புரிமை வாங்கினார். கைதவறி ஏரியில விழுந்த ஸ்பூனை ஒரு மீன் பாய்ஞ்சு கவ்வினதைப் பார்த்துத்தான் யோசனை வந்ததுன்னு கதை சொல்வாங்க. 1890களின் கடைசியில் மிச்சிகன் மாநிலத்துல ஜேம்ஸ் ஹெடன்னு ஒரு தேனீ வளர்ப்பாளர் மரத்துல தவளை செதுக்கினார். ஆமா, தவளை! அதுல இருந்து பெரிய கம்பெனியே வளர்ந்தது. பின்லாந்துல லவ்ரி ரபலா 1936ல் தக்கையைச் சீவி, சாக்லேட் சுத்தின ஈயத்தாளை ஒட்டி, மேல போட்டோ பிலிம் நெகட்டிவை உருக்கிப் பூசி ஒரு பொய் மீன் பண்ணினார். கூட்டத்துல நொண்டி நொண்டிப் போற மீனைத்தான் பெரிய மீன் முதல்ல அடிக்கும்னு படகுல உட்கார்ந்து கவனிச்சிருக்கார். நம்ம கண்மாய்க்காரன் தவளையை நொண்டவிட்டதும் அதுக்குத்தானே? ஒருத்தன் காப்புரிமை வாங்கினான், ஒருத்தன் கம்பெனி ஆரம்பிச்சான், ஒருத்தன் வெத்தலை மடிச்சுக்கிட்டு இருந்துட்டான். :-)

பொய் இரை எத்தனை வேணும்ங்கிற கேள்விக்கு எனக்குப் பிடிச்ச பதில் ஜார்ஜ் பெர்ரி. 1932ல், பஞ்ச காலத்துல, ஜார்ஜியா மாநிலத்துல ஒரு பண்ணைக்காரப் பையன் 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடையில ஒரு பாஸ் பிடிச்சான். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டுட்டாங்க. அந்த எடையை அப்புறம் தொட்டது 2009ல், ஜப்பான்ல பீவா ஏரியில மனாபு குரிட்டாதான். 77 வருஷம்! பெர்ரிகிட்டயும் அவன் கூட்டாளிகிட்டயும் அன்னைக்கு இருந்தது ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு மர மீன்னு சொல்வாங்க. பை நிறைய ரப்பர் சுமக்கிற தம்பிங்க கவனத்துக்கு.

பாஸ் மீன் நம்ம கண்மாய்க்கு வரலை. வெள்ளைக்காரன் தன் ஊர் மீனைக் கொண்டுவந்து விட்டது நீலகிரியில. அதுவும் டிரவுட். 1860களில் பிரான்சிஸ் டே முயற்சி பண்ணி ஒத்து வரலை, அப்புறம் 1907ல் அவலாஞ்சியில குஞ்சு பொரிப்பகம் வச்ச பிறகுதான் நிலைச்சது. ஆனா விரால் சாதி அந்தப் பக்கம் போச்சு. 1920களில் கொரியாவுல இருந்து ஜப்பானுக்குப் போன வடக்கத்தி விராலை, ஜப்பான்காரன் தாமரைக் குளத்துல ரப்பர் தவளை போட்டுப் பிடிக்கிறதை ஒரு தவமாவே ஆக்கிட்டான். முள்ளோட முனை தவளை முதுகோட ஒட்டி மேல பார்த்து இருக்கும். அதனால ஆகாயத்தாமரை, நெய்வேலிக் காட்டாமணக்கு, கருவேல முள் எதுலயும் மாட்டாம வழுக்கிட்டு வரும். மீன் கடிச்சு அமுக்கினாத்தான் முள் வெளியே வரும். நம்ம கண்மாய்க்குன்னே அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கில்ல?

அதே வடக்கத்தி விரால் 2002ல் அமெரிக்கா மேரிலாண்டுல ஒரு குட்டையில கிடைச்சதும் அந்த நாடே அலறிடுச்சு. நடந்து வரும், எல்லாத்தையும் தின்னுடும்னு பத்திரிகையெல்லாம் பேய்க்கதை. கடைசியில அரசாங்கமே குட்டையில ரோடினோன் ஊத்திக் கொன்னது. ரோடினோன்னா வேர்ல இருந்து எடுக்கிற மீன் விஷம். நம்மூர்ல 1897லேயே கூடாதுன்னு சட்டம் போட்ட அதே சங்கதி. குழம்பு வைக்கத் தெரிஞ்ச ரெண்டு பேரை எங்க ஊர்ல இருந்து அனுப்பியிருந்தா விஷயம் சுமுகமா முடிஞ்சிருக்கும்.

சிரிப்பை விட்டுட்டு ஒரு விஷயம் சொல்லணும். விரால் குஞ்சைக் காவல் காக்கிற மீன். புல்லை விலக்கி வட்டமா ஒரு இடம் பண்ணி முட்டை விடும், முட்டை மிதக்கும். பொரிச்ச குஞ்சு செக்கச்செவேல்னு ஒரு தாம்பாளம் அகலத்துக்குக் கூட்டமாத் திரியும். காத்தைக் குடிக்க அடிக்கடி மேல வர்றதால அந்த இடத்துல தண்ணி கொதிக்கிற மாதிரி குமிழ் விடும். மலையாளத்துல இதைப் பார்ப்புன்னு சொல்றாங்க. தொல்காப்பிய மரபியல் பறவைக் குஞ்சுக்குச் சொல்ற அதே பழைய சொல். கூட்டத்துக்குக் கீழ தாயோ தகப்பனோ இருக்கும். அந்தச் சமயத்துல பக்கத்துல எது வந்தாலும், பசியே இல்லைன்னாலும், கோபத்துல பாய்ஞ்சு கடிக்கும். இந்த ரகசியம் தெரிஞ்சவன் குமிழைப் பார்த்து ரப்பர் தவளையை நடுவுல வீசுறான், முதல் வீச்சுல மீன் மாட்டுது, படம் எடுத்துப் போடுறான். அடுத்த கொஞ்ச நேரத்துல ஜிலேபியும் கெளுத்தியும் அந்தச் செவப்புக் கூட்டத்தைக் காலி பண்ணிடும். இது வேட்டையில சேர்த்தி இல்லை. பாஸ் மீன்லயும் ஆண் மீன்தான் கூட்டைக் காவல் காக்கும். அதனால அமெரிக்காவுல சில மாநிலங்கள்ல முட்டை விடுற வசந்த காலத்துல பாஸ் பிடிக்கக் கட்டுப்பாடு வச்சிருக்காங்க. வம்சாவளியோட இந்தக் கிளையை நாம இறக்குமதி பண்ணலை, ரப்பரை மட்டும் பண்ணிட்டோம்.

விராலுக்கு ஏற்கெனவே போதுமான எதிரிங்க இருக்காங்க. ஜிலேபி 1952ல் இந்தியாவுக்கு வந்தது, மண்டபத்துக்கு. ஏழைக்குப் புரதம்ங்கிற நல்ல எண்ணம்தான். இன்னைக்கு எங்க பக்கம் ஜிலேபி இல்லாத கண்மாயைத் தேடணும். 2000ல் தடை பண்ணின ஆப்பிரிக்கக் கெளுத்தி கள்ளத்தனமா இன்னும் வளருது. மேல இருந்து கட்லா, ரோகுன்னு கங்கைக்கரை மீன் குஞ்சுகளை வாங்கி விடுறாங்க. குத்தகைக்காரருக்கு அதுதான் கணக்கு. விரால் அவர் விட்ட குஞ்சைத் தின்கிற திருடன். தவளைக்கும் நல்ல காலம் இல்லை. காலுக்காகப் பிடிச்சுப் பிடிச்சு வெளிநாட்டுக்கு அனுப்பினதை 1987ல் அரசாங்கம் நிறுத்தினப்போ வயக்காட்டுல ஏற்கெனவே பாதிச் சத்தம் அடங்கியிருந்தது. அதனால உயிர்த் தவளையைக் குத்துறதுக்குப் பதிலா ரப்பர் தவளைங்கிறதை நான் வரவேற்கிறேன். அந்த ஒரு விஷயத்துல பெரியவரை விட்டுட்டு இளவட்டம் பக்கம்தான் நிற்பேன்.

கண்மாய் மீன் யாருக்குச் சொந்தம்ங்கிறது பழைய தகராறு. மீன்பாசி ஏலம் எடுத்தவருக்குத்தான் வலை போட உரிமை. ஆனா கரையில ஒத்தைக் கம்போட உட்கார்ந்திருக்கிறவரைக் குத்தகைக்காரங்க பெரும்பாலும் கண்டுக்கிறதில்லை, ஒரு குழம்புக்கு ஆகுறதைப் பிடிச்சிட்டுப் போகட்டும்னு. பங்குனி சித்திரையில தண்ணி இடுப்பளவுக்கு இறங்கி, ஏலக்காரர் தன் மீனை எடுத்து முடிச்சதும், ஊரே ஊத்தாவோட இறங்கும் நாளும் சில ஊர்கள்ல உண்டு. ஊத்தாவைக் கவுத்து, மேல் வாய் வழியா கையை விட்டுத் துழாவி, சேத்துக்குள்ள பதுங்கின விராலைச் செவுளோட பிடிச்சுத் தூக்குவாங்க. அதுக்கு நம்பர் போட்ட முள்ளும் வேண்டாம், கலர் கலராத் தவளையும் வேண்டாம்.

ரப்பர் தவளையோட வர்ற தம்பிங்களுக்கு மட்டும் ஒண்ணு. குத்தகைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க. பின்னல் நூல் கட்டிக்குங்க, கருவேல முள்ளுல தங்கூசி நிக்காது. எதிர்முள்ளைக் குறட்டால அமுக்கிவிட்டுடுங்க, திருப்பி விடணும்னு தோணினா மீன் வாய் கிழியாது. செண்பகத்தோப்புப் பக்கம் ஓடையைப் பார்த்ததும் கை அரிக்கும், அது 2021ல் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம், அங்கே தூண்டிலைப் பையை விட்டே எடுக்கக் கூடாது. கண்மாயில தண்ணி கொதிக்கிற மாதிரி செவப்பாக் குமிழ் வந்தா, பத்து அடி தள்ளிப் போய் வீசுங்க.